ஒரு சொட்டு ஆன்டிபாடி

"என்னக்கா, என் டப்பாவுல கைய வச்சிருக்கீக?"

குளிர்பெட்டி முன்னால் நின்ற ஜெயக்கொடி திடுக்கிட்டுத் திரும்பினாள். கையில் சபிஹாவின் ஆன்டிபாடிக் குப்பி.

"ஒரு சொட்டுத்தான் பிள்ள. உன்கிட்ட கேக்கத்தான் பாத்தேன், நீ வரல."

குப்பி தானாகக் குறைந்துகொண்டே வந்த மர்மம் இதுதானா?

ஆனால் எதற்கு? ஜெயக்கொடி தீசிஸைக் கொடுத்தாயிற்று. வைவா என்ற வாய்மொழித் தேர்வு மட்டும்தான் பாக்கி. இனி அவளுக்கு ஆன்டிபாடியோடு என்ன வேலை?

மதுரையில் அந்த ஆய்வுக்கூடத்தில் இருவருமே ஸ்யாமளா மேடத்தின் மாணவிகள். வயிற்றின் உள்சுவரை வழவழப்பாய் மூடிக் காக்கும் மியூசின் புரதம்தான் ஆராய்ச்சி. செல்லில் மியூசின் இருந்தால் ஆன்டிபாடி தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடம் மைக்ராஸ்கோப்பில் பழுப்பாகத் தெரியும். அதை வைத்தே வயிற்றுப் புற்றை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்று சபிஹா கட்டுரை எழுதியிருந்தாள். சாயங்காலம் வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும்.

அக்காவுக்குப் பொறாமையாக இருக்குமோ?

"அப்படி என்னதான் செய்றீக? எனக்கும் காட்டுங்க."

ஜெயக்கொடி தயங்கினாள். பிறகு ஒரு கண்ணாடி ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். "நேத்து செஞ்சது. பாரு."

சபிஹா குனிந்தாள். "நல்லா பழுப்பு ஏறியிருக்கே! இம்புட்டு மியூசின் எந்த நோயாளிக்கு?"

"நோயாளி இல்ல. மியூசினே இல்லாத செல்லு."

சபிஹா நிமிர்ந்தாள். "இல்லாததுல எப்படிக்கா ஒட்டும்?"

"அதான் பிள்ள. இது வேற எதையோ புடிக்குது. ரெண்டு தடவ பாத்துட்டேன். இன்னொரு தடவயும் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"யா அல்லா! அப்ப என் கட்டுரை?"

ஜெயக்கொடி குப்பியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உங்களுக்கென்ன, கரையேறிட்டீக. நான் அனுப்பப் போற நேரமாப் பாத்துத்தான் இதைக் கெளறணுமா?"

சபிஹா நம்பவில்லை. தன் கையாலேயே செய்து பார்த்தாள். சாயங்காலம் அதே பழுப்புதான் வந்தது.

லேப்டாப்பைத் திறந்தாள். ஒரு அழுத்து அழுத்தினால் கட்டுரை போய்விடும். யாருக்குத் தெரியப் போகிறது?

இதை நம்பி எவனோ ஒரு டாக்டர், நன்றாக இருக்கும் ஒருத்தியிடம் புற்று என்று சொல்லிவிட்டால்?

மூடிவிட்டு மேடத்தின் அறைக்குப் போனாள்.

"கட்டுரையை அனுப்பல மேடம்." விஷயத்தைச் சொன்னாள். "ஆனா ஒண்ணு. ஜெயக்கொடி அக்கா தீசிஸும் இதே ஆன்டிபாடிதான். அது பத்திரமாப் போய்ச் சேந்திருச்சு. அதை விட்டுட்டு என்னோடதுல வந்து சந்தேகப்படுறது என்ன நியாயம்?"

ஸ்யாமளா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பத்திரமாவா? நேத்தே வந்து தீசிஸை வாபஸ் வாங்கிட்டா. 'அதான் ரெண்டு தடவை பாத்துட்டியே, மூணாவது எதுக்கு?'ன்னு கேட்டேன். 'என்னோடதை நிறுத்த ரெண்டு தடவை போதும் மேடம், சபிஹாவோடதை நிறுத்தச் சொல்ல அது பத்தாது'ன்னா."