மூடி வைத்த அப்பம்

“அடுப்பையும் மூட்டி, ஜன்னலையும் தெறந்து வெச்சிருக்கீங்க. ஊரையே சூடாக்கப் போறீங்களா அண்ணி?”

கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் எல்ஸ்பா. அவளுக்குப் பின்னால் சபை மூப்பர் டான்யல், தொப்பியைக் கையில் பிடித்தபடி, தாழ்ந்த நிலைப்படியில் குனிந்து நுழைந்தார்.

ஃபாரோ தீவுகளில் இருந்த அந்த மீனவ ஊரில், ஞாயிறு ஆராதனை சற்று முன்புதான் முடிந்திருந்தது.

சுன்வா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். “பாட்டுக் கேக்கட்டும்னுதான் தெறந்தேன். இன்னிக்கு வடக்குக் காத்து. பாதிதான் வந்துச்சு.”

“பாட்டு மட்டும் வேணும். பாடற நாங்க வேண்டாம்.”

மேசையைப் பார்த்த மூப்பரின் முகம் இறுகியது. தட்டில் வெள்ளைத் துணியால் மூடிய அப்பம். அருகே சிறு குவளையில் திராட்சரசம்.

“அப்ப, ஊர் பேசிக்கறது நிஜந்தான். சபையில கூடிப் பிட்க வேண்டிய அப்பத்தை வீட்டுலயே தனியாப் பிட்கிறே.”

“ஆமா மூப்பரே.”

“படுக்கையில கெடக்கறவங்களுக்கு நாங்களே கொண்டுவந்து குடுக்கறோம். உனக்கு என்ன நோய்?”

“உக்காருங்க. காப்பி போடறேன்.”

“காப்பி இருக்கட்டும். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

எல்ஸ்பா முந்திக்கொண்டாள். “நோய் என்னன்னு நான் சொல்றேன். நம்ம சபையில திராட்சரசம் எல்லாருக்கும் ஒரே பாத்திரத்துல. யாக்குப் வாய் வெச்ச பாத்திரத்துல இவங்க வாய் வைக்க மாட்டாங்க. அதான் நோய்.”

யாக்குப்பின் படகில் சென்றபோதுதான் சுன்வாவின் கணவன் ஹைனி கடலோடு போனான். வானம் சரியில்லை என்று ஹைனி தடுத்தும் கேளாமல் படகை எடுத்தவன் யாக்குப். திரும்பி வந்தவனும் அவன் மட்டுமே.

“செத்தவன் எனக்குக் கூடப்பிறந்த அண்ணன். நான் அழலியா? அப்புறம் யாக்குப் பக்கத்துலயே உக்காந்து நான் குடிக்கலியா?”

“நீ நல்லவ, எல்ஸ்பா.”

“குத்திக் காட்டாதீங்க.”

“குத்தல. நெசமாத்தான் சொல்றேன்.”

மூப்பர் தொண்டையைச் செருமினார். “பொம்பளைங்க நம்ம சபையில எழுந்து பேசறதில்ல. அதனாலதான் இங்க வந்து கேக்கறேன், சுன்வா. மன்னிச்சிட்டேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?”

“அவர் போன குளிர்காலம் முடியறதுக்குள்ளயே சொன்னேன். அவன் வீட்டு வாசல்ல நின்னு. தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.”

“வாயால சொல்லி என்ன?” என்றாள் எல்ஸ்பா. “நீங்க சபைக்கு வந்துக்கிட்டிருந்த வரைக்கும் அந்த மனுஷன் பட்ட பாட்டை நான் பக்கத்துலேருந்து பாத்தவ. பாத்திரம் கைக்கு வந்தா, குடிக்காமயே அடுத்த ஆளுகிட்டத் தள்ளிடுவாரு. நீங்க என்ன பார்வை பாத்தீங்களோ.”

“தரையைத்தான் பாத்தேன். அப்புறம் கடைசி வரிசைக்கு மாறினேன்.”

“அதுக்கப்புறம் வரதையே நிறுத்திட்டீங்க.”

“ஆமா, நிறுத்திட்டேன்,” என்றாள் சுன்வா.

“சபையார் கூடிப் பேசிட்டோம்,” என்றார் மூப்பர். “அடுத்த ஞாயிறு நீ வந்து எங்களோட உக்காரணும். இல்லைன்னா சபைப் பட்டியல்லேருந்து உன் பேரை எடுத்துடறதா முடிவு. நெஞ்சுல கசப்பை வெச்சுக்கிட்டுத் தனியாப் பிட்கிற அப்பம், அப்பமே இல்ல.”

சுன்வாவின் விரல்கள் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தன. அந்தச் சபையில்தான் அவள் ஞானஸ்நானம் பெற்றாள். அங்கேதான் ஹைனியைக் கைப்பிடித்தாள். அடக்கம் செய்ய உடல் கிடைக்காத அவனுக்காக ஊரார் கூடிப் பாடியதும் அங்கேதான்.

“பேரை எடுத்துட்டா, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னாக்கூட அங்க பாட மாட்டாங்க அண்ணி.” எல்ஸ்பா அவள் தோளைத் தொட்டாள். “அண்ணன் பேருக்குப் பக்கத்துல உங்க பேர் இருக்க வேண்டாமா? வீம்பை விடுங்க.”

“இருந்தா நல்லாத்தான் இருக்கும்.”

“அப்ப வாங்களேன்.”

சுன்வா தலையை அசைத்தாள். “முடியாதும்மா.”

எல்ஸ்பா கோபத்தோடு மேசைப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள். “கூட்டம் முடிஞ்சு நாங்க இவ்வளவு தூரம் நடந்தே வந்துட்டோம். இன்னும் பிட்காம யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்க?”

“உனக்காகத்தான்.”

“எனக்காகவா?”

“ஞாயித்துக்கெழமை வீட்டுக்குப் போற வழியில எட்டிப் பாப்பியே. வந்ததும் உன்கிட்ட ஒண்ணு கேப்பேனே. இன்னிக்கு இன்னும் கேக்கல.”

“தெரியாதாக்கும். யாக்குப் வந்தாரா, குடிச்சாரா, அதானே? வாரா வாரம் வேவு பாக்கற மாதிரி.” எல்ஸ்பா உதட்டைச் சுழித்தாள். “குடிச்சாரு, போதுமா? நீங்க வரதை நிறுத்தின வாரத்துலேருந்து ஒரு தடவைகூட விடல. ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிக்க...”

எல்ஸ்பா சட்டென்று அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

அதுவரை நின்றுகொண்டே இருந்த மூப்பர், நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“நான் ஏன் வரலைங்கறது யாக்குப் காதுக்கு மட்டும் போயிடக்கூடாது,” என்றாள் சுன்வா. “தெரிஞ்சா மறுபடியும் குடிக்கறதை நிறுத்திடுவான்.”

பிறகு துணியை விலக்கி, அப்பத்தைப் பிட்டாள்.

“பேரை எடுக்கறப்ப, கசப்புன்னு சொல்லாதீங்க மூப்பரே. சோம்பேறின்னு சொல்லி எடுத்துடுங்க.”