அடுத்த முகாமை யார் நடத்துவது

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தொண்டர்களே கூடி நடத்தும் ஹேக்கர் முகாம் நேற்றோடு முடிந்துவிட்டது. கணினிப் பித்தர்கள் மூவாயிரம் பேர் தங்கிய புல்வெளியில், கூடாரம் இருந்த இடமெல்லாம் மஞ்சள் சதுரங்களாகக் கிடக்கிறது. ஈரக் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த முப்பது தொண்டர்களும் காலை வெயிலில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று முகாம்களாக எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டவள், கட்டிப்போன தொண்டையோடு சொல்கிறாள்: “இனிமே என்னால முடியாதுப்பா. டாக்டரும் கண்டிச்சு சொல்லிட்டாரு. அடுத்ததை யாரு எடுத்து நடத்துறீங்க?” நெட்வொர்க் பார்க்கும் தாடிக்காரர் செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டுகிறார். சமையல் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டவள் வானத்தைப் பார்க்கிறாள். “அப்ப இதோட முடிஞ்சிருமாக்கா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. விலகப்போவதாகச் சொன்னவளின் பக்கத்தில் இருக்கும் கணவன், புல்லில் ஊன்றியிருக்கும் அவள் கையையே பார்க்கிறான். போன தடவை இதே மௌனத்தில்தான், ‘நானே நடத்துறேன்’ என்று அந்தக் கை உயர்ந்தது. இந்த முகாமின் மூன்றாம் நாள் அவளைத் தூக்கிப்போக ஆம்புலன்ஸ் வந்தது. மெல்லத் தன் கையை அதன்மேல் வைத்து அழுத்துகிறான். “வேண்டாம்மா,” என்கிறான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. அவள் திரும்பவில்லை. அவன் உள்ளங்கைக்குக் கீழே அவள் விரல்கள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்குகின்றன.