சாவி கையில் இருக்கிறது

நண்பகல் வெயிலில் பட்டறைக்குள் நிற்கிறது, கடல் தாண்டி வந்த, பின்வரிசை இருக்கையும் உள்ள அந்தப் பழைய டீசல் லாரி. பிள்ளைகளைத் தினமும் பள்ளியில் விடுவதற்கென்று போன வாரம்தான் கணவர் வாங்கினார். அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். சாவியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. “நிக்காத வண்டின்னு சொன்னேன்ல?” என்று, கீழே நிற்கும் மனைவியைப் பார்த்துச் சிரிக்கிறார். அவள் சிரிக்கவில்லை. யாரும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே இரைச்சல் ஏறுகிறது. சுவரில் மாட்டிய ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கின்றன. நீலப்புகை மேலெழுந்து வாசல் வெளிச்சத்தை மூடுகிறது. மெக்கானிக் டீசல் குழாயையே பிடுங்கிவிடுகிறார். அப்போதும் அது நின்றபாடில்லை.

“டீசல் இல்லாம எதை வச்சு ஓடுதுண்ணே?”

“தன்னோட ஆயிலையே குடிச்சு ஓடுதும்மா. சார், வெடிச்சிரும், இறங்குங்க!”

கணவருக்குக் கேட்கத்தான் செய்கிறது. பிரேக்கில் வைத்த கால்தான் வர மறுக்கிறது. மெக்கானிக் ஒரு பலகையை எடுத்து, எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயின் வாயில் வைத்து, உடம்பு முழுவதையும் சாய்த்து அழுத்துகிறார். உள்ளிருந்து யாரோ பற்றி இழுப்பதுபோல் பலகை குழாயோடு ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் திணறுகிறது, வண்டி முழுவதும் ஒருமுறை உதறுகிறது, சத்தம் அடங்குகிறது. ஆனாலும் அவர் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“சரி பண்ணிட்டா நல்லா ஓடும் சார்” என்கிறார், மூச்சு வாங்க.

கணவர் தலையாட்டுகிறார். மனைவி பின்கதவைத் திறக்கிறாள். புகைக்குள் குனிந்து, சின்னவளுக்காக மாட்டியிருந்த குட்டி இருக்கையின் பட்டைகளை அவிழ்க்கத் தொடங்குகிறாள்.