ஓட்டிப் பார்

பக்கத்து எஸ்டேட் துரையைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்ற மறுவாரம், இந்த எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை தம் சின்ன மோரிஸ் காரை விற்கப்போவதாகச் சொன்னார். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சிங்காரவேலு முந்திக்கொண்டார்.

"வாங்குறதுக்கு முன்னால லூனாஸ் டவுன் வரைக்கும் ஓட்டிப் பாரு, கிராணி. வெயில் கடுமை. என் தொப்பியைப் போட்டுக்கோ."

கிராணிக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் கங்காணி சைக்கிளை விட்டுக் குதித்து சலாம் வைத்தான். முகத்தைப் பார்த்ததும் கத்தினான்: "அட, நீங்களாண்ணே! துரைன்னு நெனச்சுட்டேன் லா!"

அந்த வார்த்தையிலேயே பாதி விலை வசூலாகிவிட்டது.

திரும்பி வந்ததும் துரை வாசலிலேயே கேட்டார்.

"எப்படி?"

"சீட்டு பஞ்சு மெத்தைங்க, துரை. பாலீஷுல என் முகமே தெரியுது."

"ஆறாம் கல் வளைவுல?"

"ஒரு விரலால திருப்பினேங்க!"

"ஒண்ணும் ஆகலியே?"

"ஒரு குலுங்கல்கூட இல்லைங்க."

துரை பெருமூச்சு விட்டார். "நாளைக்கும் ஓட்டிப் பாரு. அவசரமில்ல."

"வீட்டுக்காரி லோகாம்பாளும் ஆசைப்படுதுங்க. பின்னால உட்கார வச்சுக் கூட்டிப் போகட்டுங்களா?"

துரை சற்று யோசித்தார். "தாராளமா."

கிராணி கும்பிட்டுப் போனதும், துரை உள்ளே சென்று மனைவியிடம் சொன்னார்: "இன்றைக்கு வளைவில் யாரும் பதுங்கியிருக்கவில்லை. கவச வண்டியில் நாம் டவுனுக்குக் கிளம்பலாம். நாளைக்குக் கிராணியின் மனைவிக்கு உன் தொப்பியைக் கொடு. நாம் இருவரும் போவதாகத் தெரிந்தால்தான், சுட வந்தவன் சுடுவான்."