மாடியில் ஓர் எட்டு

மனித நாகரிகம், மனிதன் உட்கார்ந்த பிறகுதான் தொடங்கியது.

இதை அவன் மொட்டை மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி அறிவித்தான். கையில் வாழைக்காய் பஜ்ஜி.

சக்கரம், எழுத்து, சட்டம், பஜ்ஜி. எல்லாம் உட்கார்ந்தவர்கள் கண்டுபிடித்தவை. நடந்துகொண்டே இருந்தவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தாலும் வழியில் தொலைத்திருப்பார்கள்.

அம்மா எட்டின் மேல் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

கோலப்பொடியில் போட்ட எட்டு. தெற்கு வடக்காக, மாடி முழுக்க. கோட்டின் மேலேயே நடக்க வேண்டும். நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இறங்காவிட்டால் தினமும் ஊசி என்று டாக்டர் சொன்னார்.

தடுப்பூசி முகாமில் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பாத்ரூம் போவதாகச் சொல்லி நேராக வீட்டுக்கு வந்துவிட்டவள் அம்மா.

"ம்மா, ஆர்டிஓ ஆபீஸ்ல எட்டு போட்டா லைசென்சாவது குடுப்பாங்க. ஒனக்கு என்ன குடுப்பாங்க?"

"பேசாம தின்னுடா."

"அங்க ஒரு கால ஊனுனாலே பெயிலு. நீ ரெண்டு காலையும் ஊனுற."

அம்மா கீழ் வளைவுக்குப் போய்விட்டாள்.

முதலில் பச்சரிசி மாவில்தான் போட்டுப் பார்த்தாள். விடிவதற்குள் எறும்புகள் எட்டைத் தின்று முடித்தன. இந்தத் திட்டத்தில் இதுவரை உடம்பு தேறியது எறும்புகளுக்கு மட்டும்தான் என்று அவன் வீட்டாருக்குத் தெரிவித்தான்.

கோலப்பொடிக்கு மாறினாள்.

மழை கரைத்தது.

மறுநாள் குனிந்து, மறுபடி போட்டாள்.

"பெயிண்ட்ல போட்டுற வேண்டியதுதான" என்றான். அக்கறையில் அல்ல. ஒவ்வொரு முறையும் அவன் நாற்காலியை நகர்த்த வேண்டியிருந்தது.

"பெயிண்ட்ல போட்டா அது பாட்டுக்குக் கெடக்கும். நானும் என் பாட்டுக்குக் கெடப்பேன். இதுன்னா, போட்டவ நடந்துதான ஆகணும்."

ராத்திரியில் ஒரு கம்பு தோசை, கொஞ்சம் வெள்ளரிக்காய். எதிரில் அவன், பரோட்டாவுடன். வாசனைக்குச் சர்க்கரை ஏறாது என்று ஆறுதல் சொன்னான்.

பிறகு சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம்.

இலையில் ஜாங்கிரி விழுந்தது. அம்மா அதைப் பாதியாகப் பிட்டாள். ஒரு பாதியைத் தின்றாள். மிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாவம், தனியாகக் கிடக்கிறதே என்றாள்.

இன்று காலை பரிசோதனை முடிவு வந்தது.

ஏறியிருந்தது.

அம்மா காகிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகினாள். மத்தியானம் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். வெளியே மழை பெய்து மாடியைக் கழுவிவிட்டது.

சாயங்காலம் ஆனது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மாடிக்குப் போகலையா?"

"விடுடா. ஊசியே போட்டுக்கலாம்."

திரையைப் பார்த்தபடியேதான் சொன்னாள். அதில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். அவன் கணக்குப்படி இனி நாகரிகம் தொடங்க வேண்டும்.

அவனுக்கு என்னவோ போலிருந்தது.

பஜ்ஜிப் பொட்டலத்துடன் மாடிக்குப் போனான். நாற்காலியை நகர்த்தச் சொல்ல ஆள் இல்லை. வெறும் தரை. ஈரம் காய்ந்திருந்தது. படிக்கட்டு மூலையில் கொட்டாங்குச்சி, அதில் பாதி கோலப்பொடி.

பொட்டலத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்தான்.

அவன் போட்ட எட்டுக்கு ஒரு வயிறு பெரியது, ஒரு வயிறு சிறியது. இடுப்பு இருந்தும் இல்லை.

"ம்மா, மேல வந்து பாரு."

கூப்பிட்டதும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டான். மூன்றாவது முறை கூப்பிடத் தொண்டையைச் சரிசெய்தபோது வந்தாள்.

பார்த்தாள்.

நேராகப் போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யாரு போட்டது?"

"நாந்தான்."

"அப்ப நட."

"ம்மா, ஒனக்குன்னுதான் போட்டேன்."

"போட்டவங்கதான நடக்கணும்."

உட்கார்வதற்கு ஆதரவாக அவனிடம் இன்னும் பல வாதங்கள் இருந்தன.

செருப்பைக் கழற்றினான்.

முதல் வளைவிலேயே கோட்டை விட்டு விலகினான்.

"பெயிலு" என்றது நாற்காலி.

அடுத்த சுற்றில் மூச்சு வாங்கியது. வாயை மூடி, மூக்கால் சமாளித்தான். கைப்பிடிச் சுவரில் ஒரு காகம் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. விரட்டலாம். ஆனால் பாதிக் கோட்டில் இறங்கிப் போக மனம் வரவில்லை. பஜ்ஜி பறந்து போவதைப் பார்த்துக்கொண்டே திரும்பினான்.

பெரிய வயிற்றைச் சுற்றி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

சிறிய வயிற்றில் அம்மா திரும்பிக்கொண்டிருந்தாள்.

எட்டின் நடுவில், கோடுகள் வெட்டும் இடத்தில், நின்று வழிவிட்டான்.