பதினாறாவது மணி நேரம்

“இந்தப் புது டியூட்டி சார்ட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்று காகிதத்தைத் தள்ளினார் ஆஸ்பத்திரி நிர்வாகி.

தலைமை நர்ஸ் விடவில்லை. “பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல எந்த நர்ஸையும் கட்டாயப்படுத்தி நிறுத்தக் கூடாதுன்னு சட்டம் வந்து மூணு மாசம் ஆச்சு சார்.”

“சட்டம் போட்டவனா வந்து வார்டைப் பாப்பான்? கூட நாலு மணி நேரம் நின்னா உயிரா போயிடும்? அசதி, தூக்கம்னு எல்லாம் சாக்கு!”

“இதோ நிக்கிற பொண்ணுக்கு இது பதினாறாவது மணி நேரம் சார்.”

“நல்லாத்தானே நிக்குது! வேலையைப் பாக்கச் சொல்லுங்க.”

“சரி சார். நீ பாரும்மா.”

அந்தப் பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டு அருகில் வந்தாள். கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. ஊசியை எடுத்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

“நரம்பு சரியாத் தெரியல சார். கையை நல்லா நீட்டுங்க.”

கட்டிலில் படுத்திருந்த நிர்வாகி, கையை வெடுக்கென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

“ஐயோ, கிட்ட வராதே! நல்லாத் தூங்கி எழுந்து வந்த நர்ஸ் யாரையாவது கூப்பிடுங்க!”

“அதுக்குத்தான் சார் இந்த சார்ட்டே” என்று தலைமை நர்ஸ் பேனாவைத் திறந்து நீட்டினாள்.

படுத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

“இப்ப ஊசி யார் போடுவா?” குரல் இறங்கியிருந்தது.

“நான்தான் சார். இப்பத்தான் டியூட்டிக்கு வந்தேன்” என்றவள், பெண்ணிடம் திரும்பினாள். “நீ பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா. யாராவது நிறுத்தினா சார் கையெழுத்தைக் காட்டு.”

வாசல்வரை போன அந்தப் பெண், இந்த முறை கொட்டாவியை அடக்கவில்லை.