ஆறு கப்

மனிதத் தோலில் தன் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை என்று அந்தத் தோல் டாக்டர் மேடைதோறும் சொல்வார். தன்னடக்கம் கருதி மிருகங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை.

அவர் மனைவி முதுகுவலி தாங்காமல், கண்ணாடிக் கப்புகளை முதுகில் கவிழ்த்து வலியை உறிஞ்சும் வைத்தியரிடம் போய்வந்தாள்.

"வைக்கும்போதும் எடுக்கும்போதும் விரல் வெச்சு எண்றாரா? ஒண்ணாங்கிளாஸ் பாஸ் பண்ணிட்டாரா உன் வைத்தியர்?"

"எண்ணி முடிச்சதும் ஒண்ணு சொன்னாருங்க..."

"அந்த ஆள் சொன்னது எதுவும் என் காதுல விழக் கூடாது."

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவரும் வீம்புக்கு அந்த முதுகைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அவள் புடவை மாற்றும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது ஒரு கறுப்பு வட்டம். டாக்டர் உற்சாகமாகப் போனை எடுத்தார்.

"யோவ், நீ கப் வெச்ச தடம் இன்னும் போகல. உன்னை உள்ளே தள்ளாம விடமாட்டேன்!"

"என் தடம் பத்து நாள்ல மறைஞ்சிடும் சார். நான் வெச்சது ஆறு கப். அது ஏழாவது. நான் கப்பைத் தொடுறதுக்கு முன்னாடியே அங்க இருந்துச்சு. உடனே உங்ககிட்ட காட்டச் சொன்னேனே, மேடம் சொல்லலையா?"

டாக்டர் போனை வைத்தார். மனைவியை விளக்குக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார். வட்டத்தைச் சுற்றிப் பரவியிருந்த சின்னக் கறுப்புப் புள்ளிகளை விரல் வைத்து எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணு... ரெண்டு..."

மூன்றுக்குப் பிறகு அவர் சத்தமாக எண்ணவில்லை.